கல் நடுவது யார்?

ஆலங்குளம் பக்கம் அண்ணன் தம்பி நிலம் பிரித்தால், சர்வேயர் வந்து அளந்து கல் நடுவார். உங்கள் உடம்பில் இந்த நொடி எத்தனையோ செல்கள் இரண்டாகப் பிரிகின்றன. அங்கே கல் நடுவது யார்?

குரோமோசோம்கள்தானே சொத்து, வெட்டு எங்கே விழணும் என்று அவைதானே சொல்லும்? 1961-ல் ரே ராப்பபோர்ட் என்ற அமெரிக்கர் இதைச் சோதித்துப் பார்த்தார். கருவி? ஒரு குட்டிக் கண்ணாடி உருண்டை! கடல் முள்ளெலிக்குச் சொந்தமான 'மணல் டாலர்' என்ற பிராணியின் கருவுற்ற முட்டையை, உருண்டையால் நடுவில் அழுத்தினார். முட்டை மெதுவடை ஆனது!

முதல் பிரிவில் வடை ஒரு பக்கம் மட்டும் அறுந்து லாடமானது. செல் ஒன்றுதான், உள்ளே நியூக்ளியஸ் இரண்டு. அடுத்த பிரிவில் இரண்டு வெட்டு விழணும். விழுந்ததோ மூன்று! மூன்றாவது வெட்டு விழுந்த இடத்தில் குரோமோசோமே இல்லை. நட்சத்திரக் கதிர்போல இரு பக்கமிருந்தும் விரிந்த நுண்குழல்கள் அங்கே சந்தித்தன, அவ்வளவுதான்.

ஆக, சர்வேயர் அந்தக் கதிர்கள்! குரோமோசோம்கள் விலகிய பிறகு அவற்றின் நடுவே மிஞ்சும் நுண்குழல் கற்றையும் இதற்கு ஒத்தாசை செய்கிறது என்று பிற்பாடு தெரிந்தது. குறித்த இடத்தில் ஆக்டின், மயோசின் என்ற புரதங்கள் சுருக்குப்பைக் கயிறாக இறுக்கி, செல்லை இரண்டாக்குகின்றன.

கல் தப்பாக விழுந்தால்? ஒரு செல்லுக்கு இரட்டைச் சொத்து, மற்றதற்கு வெறும் கை. புற்றுநோய்க்குப் போகும் வழிகளில் இதுவும் ஒன்று. நல்லவேளை, நம் சர்வேயர் பெரும்பாலும் சரியாகத்தான் அளக்கிறார்... அதுவும் கைக்காசு வாங்காமல்!