மெனு அட்டையில் ஒரு வரலாற்றுப் பாடம்



கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள். 'வாத்தியார் பீரைப் பற்றி எழுதுகிறாரா?' என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பீர்கள். என் தங்கை முதல் ஆளாக போன் செய்வாள் என்பதும் தெரியும். மதுவிலக்குப் பேரணிக்கு ஆண்டுதோறும் உங்கள் கையில் தட்டி கொடுத்து வரிசையில் அழைத்துப் போனவன் நான்தான். அப்பாவின் குடியால் எட்டாம் வகுப்போடு நின்றுபோனவர்கள் உங்களில் சிலர் இதையும் படிப்பீர்கள். உங்களை மனதில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இது யாரையும் குடிக்கச் சொல்லும் பதிவு இல்லை.

போன மாதம் பெங்களூரில் மகள் வீட்டில் பத்து நாள் இருந்தேன். அது தெரிந்து பழைய மாணவன் ஒருவன் பார்க்க வந்தான். அவன் அனுமதியோடுதான் எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம். வேதியியல் படித்தவன். கடையிலேயே பீர் தயாரித்து அங்கேயே விற்கிற இடம் ஒன்றில் தயாரிப்புப் பொறுப்பில் இருக்கிறான். 'ப்ரூபப்' என்கிறார்கள். ஊரில் அப்பாவிடம் 'ஃபுட் கம்பெனி' என்று சொல்லி வைத்திருந்தானாம். உண்மை தெரிந்த பிறகு ஆறு மாதம் அவர் பேசவில்லை. "நீங்களாவது ஒரு தடவை வந்து பாருங்க சார். பாத்துட்டு என்ன வேணா திட்டுங்க" என்றான். போனேன்.

காலை பதினோரு மணி. கடை இன்னும் திறக்கவில்லை. ஆளைவிட உயரமான எஃகுத் தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன. நம் ஊரில் நெல் அவிக்கும் இடத்துக்குப் போனது போல ஒரு வாசனை. பார்லியை முளைகட்டி உலர்த்தினால் மால்ட். நாம் கேழ்வரகை முளைகட்டி வறுத்துக் குழந்தைக்கு மாவு அரைக்கிறோமே, அதே வேலைதான். மால்டை வெந்நீரில் ஊறவைத்து இனிப்புச் சாற்றை வடித்து, அதோடு ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைப் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். அந்தப் பூவில் உள்ள ஒரு பிசின்தான் கொதியில் கசப்பாகிறது. பீரைப் புளிக்கச் செய்யும் சில பாக்டீரியாக்களை அது வளரவிடாது. அவன் காட்டிய ஹாப்ஸ், மாட்டுத் தீவனக் குச்சி போலப் பச்சையாக இருந்தது. பையில் அமெரிக்காவின் யாகிமா பள்ளத்தாக்கு என்று அச்சிட்டிருந்தது. அந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

"இதுதான் சார் நம்ம ஐ.பி.ஏ. இந்தியா பேல் ஏல். வாசனையாவது பாருங்க" என்று சின்னக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் கொடுத்தான். அறுபத்தாறு வயதில் முதல் முறையாக இரண்டு மிடறு குடித்தேன். என் வீட்டம்மாவிடம் அன்று இரவே சொல்லிவிட்டேன், இங்கே படித்துத் தெரிந்துகொள்ளும்படி வைக்கவில்லை.

நிறம் நல்ல தேன் நிறம். நுரை சீக்கிரம் அடங்கவில்லை, அது நல்ல அறிகுறி என்றான். வாசனைதான் என்னை வியக்க வைத்தது. பம்பளிமாஸ் பழத் தோலைக் கிள்ளினால் வருமே, அது. அதற்குப் பின்னால் மாம்பழக் காம்பில் வடியும் பாலின் காரமான மணம். இதில் பழம் எதுவும் போடவில்லையாம், எல்லாம் ஹாப்ஸின் வேலை. வாயில் வைத்தால் முதலில் மால்டின் லேசான இனிப்பு, உடனே கசப்பு.

"எப்படி சார் இருக்கு? கசப்பு அதிகமா?" என்றான். வாடிக்கையாளர்கள் அப்படித்தான் சொல்கிறார்களாம்.

கசப்பைப் பற்றி நமக்கா சொல்லித் தர வேண்டும்? வேப்பம்பூ ரசமும் சுண்டைக்காய் வற்றலும் பாகற்காயும் தின்று வளர்ந்தவர்கள். நல்ல கசப்பு நாக்கில் வந்து நின்று, விழுங்கியதும் போய்விடும். வாய் சுத்தமாகும். இங்கே கசப்பு போன பிறகும் நாக்கின் ஓரமும் ஈறும் இழுத்துப் பிடித்தன. "இது கசப்பு இல்லப்பா, துவர்ப்பு. டீத்தூளை அடுப்பிலேயே மறந்துட்ட மாதிரி இருக்கு" என்றேன். அவன் சிரித்துவிட்டான். கடைசிக் கட்டத்தில், கொதிக்காத பீரில் வாசனைக்காக மறுபடி ஹாப்ஸ் ஊறப்போடுவார்களாம். நான்கு நாளில் எடுக்க வேண்டியதை விடுமுறையில் ஊருக்குப் போனதால் எட்டு நாள் விட்டுவிட்டானாம். ஆறு சுவையைப் பிரித்துச் சொல்லும் மொழி நமக்கு இருக்கிறது. எல்லாவற்றையும் 'கசப்பு' என்று ஒரே சொல்லில் அடைத்தால் தப்பு எங்கே என்று எப்படித் தெரியும்?

பிறகு மேசையில் கிடந்த மெனு அட்டையை எடுத்தேன். அதில் இந்த பீருக்குக் கீழே ஒரு பத்தி. அதன் சாரம் இது: இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு அனுப்பிய பீரெல்லாம் கப்பலிலேயே கெட்டுப்போனது. லண்டனில் ஜார்ஜ் ஹாட்ஜ்சன் என்பவர் ஹாப்ஸையும் ஆல்கஹாலையும் கூட்டி, கெடாத பீரைக் கண்டுபிடித்தார். அதுவே ஐ.பி.ஏ.

"இதுக்கு ஆதாரம் என்னப்பா?"

"எல்லாரும் இப்படித்தான் சார் எழுதுறாங்க."

விடைத்தாளில் இந்த பதிலை எத்தனை முறை படித்திருப்பேன்! மகள் வீட்டுக்குத் திரும்பியதும் அவள் கணினியில் உட்கார்ந்துவிட்டேன். மார்ட்டின் கார்னெல் என்ற ஆங்கிலேயர் பழைய செய்தித்தாள் விளம்பரங்களையும் மதுத் தொழில் நூல்களையும் துருவி இந்தக் கதையைச் சோதித்திருக்கிறார். படிக்கப் படிக்க எனக்கே வெட்கமாக இருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

எட்டாம் வகுப்பில் கிழக்கிந்தியக் கம்பெனி பாடம் நினைவிருக்கிறதா? இங்கிருந்து கப்பலில் போனவற்றைக் கரும்பலகையில் எழுதிப் போடுவேன்: துணி, பட்டு, அவுரி, வெடியுப்பு. வரும்போது அதே கப்பலில் என்ன இருந்தது என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கே அந்தக் கேள்வி தோன்றவில்லை. ஐ.பி.ஏ.யின் கதை அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

நம் துணியை வாங்க இங்கிலாந்துக்கு ஆசை. அவர்கள் சரக்கை இங்கே வாங்க ஆள் குறைவு. அதனால் வெள்ளியும் சிப்பாய்களும் வந்தது போக, கிழக்கே வரும் கப்பலில் இடம் மிஞ்சும். அந்த வழியில் சரக்குக் கட்டணம் மலிவு. மாலுமித் தலைவர்கள் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்ய கம்பெனி அனுமதித்திருந்தது. பன்றி இறைச்சி, பாலாடைக்கட்டி, தொப்பி, கண்ணாடிச் சாமான், ஒயின், பீர் என்று இங்கே இருக்கும் வெள்ளைக்காரர்கள் ஏங்கும் பொருள்களை ஏற்றிவந்து விற்பார்கள்.

அந்தக் கப்பல்கள் லண்டனுக்குக் கிழக்கே பிளாக்வாலில் நிற்கும். அங்கிருந்து லீ ஆற்றில் கொஞ்ச தூரம் மேலே போனால் போ என்ற இடம். ஹாட்ஜ்சன் அங்கே 1752-இல் பீர் தயாரிக்கத் தொடங்கினார். படகில் ஏற்றினால் நேராகக் கப்பலுக்குப் போய்விடலாம். அதைவிடப் பெரிய வசதி, அவர் மாலுமித் தலைவர்களுக்கு ஒன்றரை ஆண்டு வரை கடன் கொடுத்தார். போய் விற்று வந்து கொடுத்தால் போதும். நம் ஊர் மளிகைக் கடைக்காரர் அறுவடை வரை கணக்கு எழுதி வைப்பது போலத்தான். ஹாட்ஜ்சனை இந்தியாவில் பெயர் பெற வைத்தவை பக்கத்தில் இருந்ததும், கடன் கொடுத்ததும், காலியாக வந்த கப்பலும்தான்.

கண்டுபிடிப்பு? பேல் ஏல் என்றால் வெளிர் நிற பீர், அவ்வளவே. அது ஏற்கெனவே இருந்தது. 1784-இலேயே கல்கத்தா கெஜட்டில் பேல் ஏல் விற்பனை விளம்பரம் வந்திருக்கிறது. வெப்ப நாட்டுக்கு அனுப்பும் பீரில் ஹாப்ஸைக் கூட்ட வேண்டும் என்று 1760-களிலேயே தொழில் நூல்கள் சொல்லிவிட்டன. போர்ட்டர் என்ற கறுப்பு பீரும் அதே கடல் தாண்டிக் கெடாமல் வந்தது. சிப்பாய்கள் குடித்தது பெரும்பாலும் அதைத்தான், பேல் ஏல் அதிகாரிகள் வீட்டுப் பானம். ஆல்கஹாலும் அந்தக் காலக் கணக்கில் அதிகம் இல்லை.

ஆனால் ஒன்று உண்மை, அதைக் கடல்தான் செய்தது. இலையுதிர் காலத்தில் தயாரித்து, பீப்பாயில் ஓரிரு ஆண்டு கிடக்க வேண்டிய பீர் வகை அது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்து, ஐந்தாறு மாதம் வெப்பத்திலும் ஆட்டத்திலும் வந்து சேரும்போது சீக்கிரமே பக்குவப்பட்டு இறங்கியது. யாரும் திட்டமிட்டதாகத் தெரியவில்லை. இங்கே அதைக் குளிர்விக்க ஆப்தார் என்ற வேலையாள் வெடியுப்புக் கரைத்த நீரில் புட்டியைச் சுழற்றிக்கொண்டிருப்பான். பிறகு அமெரிக்காவிலிருந்து ஏரிப் பனிக்கட்டியே கப்பலில் வந்தது. சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லமாக இருக்கிறதே ஐஸ் ஹவுஸ், அந்தப் பனிக்கட்டியைச் சேர்த்து வைக்க 1842-இல் கட்டியது.

ஹாட்ஜ்சன் குடும்பத்தின் அடுத்த தலைமுறைக்குப் பேராசை வந்தது. 1820-களில் கடனை நிறுத்தினார்கள், விலையை ஏற்றினார்கள், மாலுமிகளை விலக்கித் தாங்களே கப்பலில் அனுப்பினார்கள். கம்பெனி இயக்குநர்களில் ஒருவரான கேம்பெல் மார்ஜோரிபேங்க்ஸ், பர்ட்டன் ஊரின் சாமுவேல் ஆல்சாப்பை விருந்துக்கு அழைத்து, இதே போன்ற பீரை நீங்கள் செய்யுங்கள் என்றார். ரஷ்யா 1822-இல் இறக்குமதி வரியைக் கூட்டி பர்ட்டன் வியாபாரத்தைப் படுக்க வைத்திருந்த நேரம். முதல் மாதிரியை ஒரு தேநீர்க் குடுவையில் தயாரித்ததாக அந்த ஊரில் கதை சொல்வார்கள். குடுவை எப்படியோ போகட்டும், பர்ட்டன் கிணற்று நீரில் ஜிப்சம் அதிகம். அது கசப்பைக் கூர்மையாக்கும், துவர்க்க விடாது. ஹாட்ஜ்சனின் பீரைவிட நன்றாக வந்தது. பின்னாலேயே பாஸ் கம்பெனியும் வந்தது. நம் பையனும் பெங்களூர் தண்ணீரில் ஜிப்சம் கலக்கிறானாம்.

இவ்வளவுக்கும் 'கிழக்கிந்திய பேல் ஏல்' என்ற பெயர் அச்சில் முதலில் கண்டிருப்பது ஆஸ்திரேலியாவில், 1829-இல் சிட்னி செய்தித்தாள் விளம்பரம் ஒன்றில்.

பிறகு இங்கேயே மலைப்பகுதிகளில் ஆலைகள் வந்தன. இமயமலையில் கசௌலியில் 1850-களில் ஆலை வைத்தவர் எட்வர்ட் டயர். மோகன் மீக்கின் என்று நீங்கள் அறிந்த கம்பெனியின் வேர் அதுதான். மர்ரி ஊர் ஆலையையும் அவர் நடத்தினார். 1864-இல் அந்த மர்ரியில் பிறந்த அவர் மகன் பெயர் ரெஜினால்ட் டயர். ஆம், அதே டயர்தான். 1919 ஏப்ரல் 13, ஜாலியன்வாலா பாக். முப்பது ஆண்டு அந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். அந்த ஆள் எந்த வீட்டிலிருந்து வந்தான், அந்த வீட்டில் எதை விற்றுச் சோறு உண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. மகள் வீட்டுக் கணினியில் இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் எழுந்து பால்கனியில் போய் நின்றேன். தெற்கிலும் நீலகிரியில் ஆலை இருந்தது. அதையும் சேர்த்துப் பல ஆலைகளை 1915-இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒன்றாக்கியதுதான் யுனைடெட் ப்ரூவரிஸ்.

ஐ.பி.ஏ. மட்டும் மங்கிப்போனது. குளிரூட்டும் இயந்திரமும் ஜெர்மானிய லாகரும் வந்தன. இங்கிலாந்திலேயே அது பெயரளவுக்கு ஒரு லேசான பீர் ஆனது. அதை மீட்டது அமெரிக்கா. 1972-இல் 'கேஸ்கேட்' என்ற ஹாப்ஸ் வகை வெளியானது, பம்பளிமாஸ் வாசனை அதிலிருந்துதான். 1982-இல் பெர்ட் கிராண்ட் என்பவர் ஒரு ப்ரூபப் திறந்து ஐ.பி.ஏ. விற்றார். ஊர், யாகிமா. பையில் பார்த்த அதே பெயர். ஆக, நான் குடித்த இரண்டு மிடறுக்கும் ஹாட்ஜ்சனின் பீப்பாய்க்கும் உறவு ரொம்பத் தூரத்து உறவு. அது ஆறு மாதம் ஆறியபின் சிறந்தது. இது ஆறு வாரத்துக்குள் குடிக்காவிட்டால் வாசனை போய்விடும் என்கிறான். அதில் கென்ட் ஹாப்ஸின் புல்லும் மண்ணும் கலந்த மணம், மாம்பழம் கிடையாது.

ஊருக்குக் கிளம்பும் முன் அவனை மறுபடி பார்த்தேன். அட்டையின் பின்பக்கம் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன். பீருக்கு 62: நிறம், மணம் நன்று, துவர்ப்பைக் கவனிக்கவும். வரலாற்றுக்கு 20: ஹாட்ஜ்சன் பெயரைச் சரியாக எழுதியதற்காக. டயர் விஷயத்தைச் சொன்னதும் அவன் பேசவில்லை. எட்டாம் வகுப்பில் அந்தப் பாடத்தைப் படித்துக் காட்டும்போது அவன் குரல் உடைந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நேற்று இரவு போன் செய்தான். புதுத் தொட்டியில் ஹாப்ஸை நான்காம் நாளே எடுத்துவிட்டானாம், துவர்ப்பு இல்லையாம். அட்டையை மாற்ற முதலாளி ஒப்பவில்லை. கப்பல் கதை இருந்தால்தான் ஜனங்களுக்குப் பிடிக்கும் என்கிறாராம். கெஞ்சியதில் 'கண்டுபிடித்தார்' என்ற சொல்லை மட்டும் 'அனுப்பினார்' என்று மாற்றச் சம்மதித்திருக்கிறார். "அப்பா பொங்கலுக்கு வர்றேன்னு சொல்லியிருக்கார் சார். கடைக்கு இல்ல, வீட்டுக்கு" என்றான்.