ரம்பப்பல் கோடு



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு வரைபடம் அனுப்பினார். உலோகத்தை இழுத்துச் சோதிக்கும் கூடத்தில் அவருக்கு வேலை. அலுமினியத் தகட்டை இழுத்தபோது பதிவான கோடு, ரம்பப்பல் போல ஏறி ஏறி இறங்கியிருந்தது. "மெஷின் கெட்டுப்போச்சுன்னு நினைச்சோம் சார். மெஷின் நல்லாத்தான் இருக்கு, இந்த உலோகமே இப்படித்தானாம்" என்றார். அதைப் படிக்கப் போய் இரண்டு இரவு தூக்கம் போனது எனக்கு.

இதன் கதை பிரான்சில் தொடங்குகிறது. 1837இல் ஃபெலிக்ஸ் சாவர்ட் (பயட்–சாவர்ட் விதியில் வருபவர்தான்), 1841இல் அந்துவான் மாசோன். மாசோன் நம்மைப் போல வாத்தியார். பள்ளியில் இயற்பியல் நடத்தியவர். கம்பியில் எடையைக் கூட்டிக்கொண்டே போனால் சீராக நீளும் என்றுதானே நினைப்போம்? அப்படி நீளவில்லை. கொஞ்சநேரம் அசையாமல் நிற்கும், திடீரென்று ஒரு தாவல், மறுபடி நிற்கும். படிக்கட்டு மாதிரி. கண்டதை அப்படியே எழுதிவைத்தார் மனிதர்.

இந்த இடத்தில் எனக்குச் சுருக்கென்றது. எட்டாம் வகுப்பில் ரப்பர் வளையத்தில் எடை தொங்கவிட்டு நீளம் அளக்கச் சொல்வேன். ஒரு மாணவி தன் புள்ளிகளைக் கோணல்மாணலாகவே இணைத்திருந்தாள். சிவப்பு மையால் நேர்கோடு போட்டு இரண்டு மதிப்பெண் குறைத்தேன். ரப்பரில் இந்தத் தாவல் வராது, அவள் அளந்ததில் பிழை இருந்திருக்கலாம். ஆனால் அளந்தது அவள். நான் ஸ்கேலைத் தொடக்கூட இல்லை. "இன்னொருமுறை அளந்து பாரம்மா" என்றாவது சொல்லியிருக்கலாம்.

1923இல் ஆல்பர்ட் போர்த்தவேன், பிரான்சுவா லீ சாட்லியர் இருவரும் டியூராலுமின் வகைக் கலவைகளை இழுத்து இதே ரம்பப்பல்லைப் பதிவு செய்தார்கள். அவர்கள் பெயரே நிலைத்தது. வேதியியல் பாடத்தில் வரும் லீ சாட்லியர் ஹென்றி, இவர் வேறு.

காரணம் புரிய இன்னும் முப்பது ஆண்டு ஆனது. உலோகத்தில் அணுக்கள் வரிசையாக அடுக்கியிருக்கும். அந்த அடுக்கில் பிசகுகள் உண்டு. பிசகுகள் நகர்வதால்தான் உலோகம் நீள்கிறது என்று 1934இல் டெய்லர், ஒரோவன், பொலானி மூவரும் தனித்தனியே சொன்னார்கள். 1953இல் ஆலன் காட்ரெல் மிச்சத்தை விளக்கினார். தேரோட்டம் பார்த்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும். பிசகு எங்காவது தடைபட்டு நின்றால், கலவையில் உள்ள மக்னீசியம் போன்ற அயல் அணுக்கள் ஓடிவந்து முட்டுக்கட்டை போட்டுவிடும். வடத்தை இன்னும் பலமாக இழுக்க வேண்டும். கட்டை விடுபட்டதும் தேர் குபீரென்று ஓடும். இழுவிசை சட்டென்று இறங்கும். அடுத்த தடையில் மறுபடி கட்டை. வேடிக்கை என்னவென்றால், வேகமாக இழுத்தால் கட்டை போட நேரமில்லாமல் எதிர்ப்பு குறைகிறது. வழக்கத்துக்கு நேர்மாறு.

இதனால் தகட்டில் வரிவரியாகத் தடம் விழும். அலுமினியம்–மக்னீசியம் தகட்டைக் காரின் வெளிப்புறத்துக்குப் போடத் தயங்குவது அதனால்தான். பெயின்ட் அடித்தாலும் தெரியும்.

நம் ஊர் சங்கதியும் உண்டு. அணு உலைகளில் பயன்படும் துருப்பிடிக்காத எஃகும் பல நூறு டிகிரி சூட்டில் இப்படித் துள்ளும். 1980களின் தொடக்கத்தில் கல்பாக்கத்தில் அனந்தகிருஷ்ணாவும் வல்சகுமாரும் இந்தத் துள்ளலுக்குச் சமன்பாடுகள் எழுதினார்கள். அது ஒழுங்கான தாளமாக மட்டுமல்ல, முன்கூட்டிச் சொல்ல முடியாத ஒழுங்கின்மையாகவும் வரலாம் என்று அந்தச் சமன்பாடுகளே காட்டின.

கல்பாக்கம் பக்கம் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள், எனக்கு இன்னும் இரண்டு சந்தேகம் இருக்கிறது. அந்த எட்டாம் வகுப்பு மாணவி இதைப் படித்தால் அவளும் எழுதட்டும்.