தானே சிறையில் தூக்கிலிடப்பட்ட பழங்குடித் தலைவர் ராகோஜி பாங்ரே

மும்பை: கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியை எதிர்த்துக் கிளர்ச்சி செய்த மகாதேவ் கோலி பழங்குடித் தலைவர் ராகோஜி பாங்ரே, 1848-ஆம் ஆண்டு மே 2-ஆம் தேதி, மும்பையை அடுத்த தானே சிறையில் தூக்கிலிடப்பட்டார். ஆங்கிலேயரின் ஆவணங்களில் கொள்ளைக்காரராகக் குறிக்கப்பட்ட அவர், மகாராஷ்டிரத்தில் இன்று புரட்சி வீரராகப் போற்றப்படுகிறார்.

பிறப்பும் பின்னணியும்

அகமதுநகர் (தற்போது அகில்யாநகர்) மாவட்டம், அகோலே வட்டத்திலுள்ள தேவ்காவ் கிராமத்தில் 1805-ஆம் ஆண்டு ராகோஜி பிறந்தார். மகாராஷ்டிரத்தின் மிக உயர்ந்த சிகரமான கல்சுபாய் இவ்வட்டத்தில்தான் உள்ளது. மகாதேவ் கோலிகள் இம்மலைகளில் வேளாண்மை செய்து வாழ்பவர்கள்; தாராவி உள்ளிட்ட மும்பையின் கோலிவாடாக்களில் வசிக்கும் மீனவக் கோலிகள் வேறு பிரிவினர்.

கிளர்ச்சியின் காரணங்கள்

மராட்டியர் ஆட்சியில் மலைக்கோட்டைகளைக் காவல் காத்த கோலிகளுக்கு ஊதியமும் பரம்பரை உரிமைகளும் இருந்தன. 1818-இல் பேஷ்வா ஆட்சி வீழ்ந்ததும் கோட்டைக் காவல் படைகள் கலைக்கப்பட்டன. பலர் வாழ்வாதாரத்தை இழந்தனர். 1820-களின் இறுதியில் மூண்ட முதல் கிளர்ச்சிக்கு ராகோஜியின் தந்தை ராம்ஜி பாங்ரே தலைமை தாங்கினார். அது அடக்கப்பட்ட பின்னரும் குறைகள் தீரவில்லை. நிலவரிக்காகக் கடன் வாங்கிய குடியானவர்களின் விளைநிலங்கள் வட்டிக்காரர்களின் கைக்குச் சென்றன.

1844-இல் ராகோஜியும் அவரது தம்பி பாபுவும் மீண்டும் கிளர்ச்சியைத் தொடங்கினர். வட்டிக்காரர்களும் காவல் படையினரும் தாக்கப்பட்டனர். நாசிக், அகமதுநகர், புணே, தானே மாவட்டங்களின் மலைப்பகுதிகளில் கிளர்ச்சி பரவியது.

கைதும் மரணமும்

பாபு பிடிபட்ட பின்னரும் ராகோஜி தலைமறைவாக இயங்கினார். 1848 ஜனவரியில், யாத்ரீகர் வேடத்தில் பண்டர்பூரில் இருந்தபோது லெப்டினன்ட் கெல் தலைமையிலான படையினர் அவரைக் கைது செய்தனர். அவர் தூக்கிலிடப்பட்ட தானே சிறை, போர்ச்சுகீசியர் கட்டிய கோட்டையாகும். அது இன்றும் மத்தியச் சிறையாகவே இயங்குகிறது.

1857-இல் பெருங்கிளர்ச்சி மூண்டபோது, அதே மகாதேவ் கோலிகளைக் கொண்டு கேப்டன் நட்டல் தலைமையில் கம்பெனி ஒரு படையைத் திரட்டியது. 1861-இல் அப்படையும் கலைக்கப்பட்டது. கோட்டைக் காவலை இழந்த மக்கள், நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மறுபடியும் பணியிழந்தனர்.