வன்னிக் கூத்திலே மாறுவேடம்

பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை இரத்தினாவளி என்னும் வடமொழி நாடகத்தைத் தழுவி 1952 ஆம் ஆண்டில் மாணிக்கமாலையைத் தமிழுக்குத் தந்தார். ஹர்ஷனின் அந்நாடகம் ஆள்மாறாட்டத்தினாலேயே இயங்குவது. கடலிற் கலம் கவிழ்ந்து தப்பிய இலங்கையரசன் மகள், சாகரிகை என்னும் பெயருடன் உதயணனின் அரண்மனையிலே பணிப்பெண்ணாகின்றாள். அரசி வாசவதத்தையின் கோலத்தில் அவள் அரசனைச் சந்திக்க ஏற்பாடாகின்றது. அதனை அறிந்த அரசி தானே முந்திச் சென்றுவிட, மனைவியையே வேடமிட்ட காதலியென எண்ணி அரசன் காதல்மொழி பேசுகின்றான். ஈற்றில் பணிப்பெண் அரசகுமாரி என்பது வெளிப்படுகின்றது. தடை நீங்கித் திருமணம் நிகழ்கின்றது. உண்மை தெரிந்தால் எல்லாம் நலமாகும் என்பதே இவ்வகை நாடகத்தின் நம்பிக்கை.

ஈழத்துக் கிராமிய அரங்கிலே இந்நம்பிக்கை அத்துணை எளிதாக ஏற்கப்படவில்லை. புதுக்குடியிருப்பு, முள்ளியவளை முதலிய ஊர்களைக் கொண்ட முல்லைத்தீவுப் பகுதி கோவலன் கூத்தினாற் பெயர்பெற்றதெனினும், வன்னி மக்கள் அம்மன் கோயில் வீதிகளில் விடிய விடிய இருந்து பார்த்து மகிழ்ந்த மற்றொன்று காத்தவராயன் கூத்தாகும். சிந்துநடையில் அமைந்த இக்கூத்தின் நாயகன் தெய்வப் பிறப்பினன். ஆயினும் உலகத்தார் கண்ணுக்குத் தாழ்ந்தவன். அவன் விரும்பும் ஆரியமாலையோ அந்தணர் மனையில் வளர்பவள். தன்னுருவில் அவளை அணுக முடியாதவன் உருமாறுகின்றான். கதைப்பாடல் மரபில் வளையல் விற்கும் செட்டியாக வந்து அவள் கையைத் தொடுகின்றான். அவளைத் தீண்டத் தகாதவன் எனப்பட்டவன், வணிகக் கோலம் பூண்டதும் எவராலும் தடுக்கப்படவில்லை என்பது ஊன்றி நோக்கற்பாலது. சாதி உடலில் இருக்கின்றதா, உடையில் இருக்கின்றதா என்ற வினாவை இக்காட்சி சிரிப்போடு எழுப்பிவிடுகின்றது.

அரங்கமைப்பிலும் ஒரு விந்தை உண்டு. காத்தவராயனின் வாழ்வுப் பருவங்களுக்கேற்ப அப்பாத்திரத்தை ஒருவர்பின் ஒருவராகப் பலர் ஏற்பர். முன்காத்தான், பின்காத்தான் என்றெல்லாம் அவர்கள் பெயர் பெறுவர். ஒரே ஆள் பல உடலில் வருகின்றான். அவ்வொவ்வோர் உடலும் வேறு வேடம் புனையவும் கூடும். ஆரியமாலையாக நிற்பவரும் மரபுப்படி ஓர் ஆடவரே. சேக்ஸ்பியரின் மேடையிலும் பெண் பாத்திரங்களைச் சிறுவர்களே தாங்கினர். இத்தனைக்கும் பார்ப்போர் எவரும் மயங்குவதில்லை. மயங்குபவர்கள் கதைக்குள் இருப்பவர்கள் மட்டுமே.

வேடம் கலைந்தபின் சாகரிகைக்கு மணமாலை, காத்தவராயனுக்குக் கழுமரம். தாய் முத்துமாரியின் சோதனைகளையெல்லாம் கடந்து, கழுவிலும் ஏறிய பின்னரே அவனுக்கு ஆரியமாலை கிட்டுகின்றாள். இரவெல்லாம் சிரித்தவர்கள் கழுவேறும் வேளையிற் கைகூப்பி எழுந்து நிற்பர்.

பேராதனையிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்துக்குப் புத்துயிரளித்தபோது மேடையேறியவை கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன் (1964), வாலிவதை ஆகியன. அப்பணியின் பெருமை குறைத்து மதிப்பிடற்குரியதன்று. எனினும் அவ்வரிசையிலே காத்தவராயன் இல்லை. வீரரும் வேந்தரும் பல்கலைக்கழக மண்டபத்துக்கு வந்தனர். வளையற் செட்டி கோயில் வீதியிலேயே நின்றுவிட்டான். அவனைக் காத்தது ஏடன்று. அண்ணாவிமாரின் நினைவும் கைக்கொப்பிகளுமே. 2009 ஆம் ஆண்டுப் போரிலே புதுக்குடியிருப்பு மக்கள் அனைவரும் ஊரைவிட்டு அகல நேர்ந்தபோது, அந்நினைவும் அவர்களோடு நடந்தது.