சடயமங்கலம் வெள்ள

சேலத்தார் குச்சிக்கிழங்கு என்பதை கேரள எல்லைப்புறத் தமிழர் மரச்சீனி என்கிறார்கள். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சிய நிலத்தில் ஒரு மூடு மரச்சீனியைக் காணும்போதெல்லாம், பிரேசில் தேசத்தில் பிறந்து, போர்த்துக்கீசியரோடு கடல் கடந்து, இங்குள்ள ஏழையின் அடுப்படி வரை வந்து சேர்ந்த அதன் நெடும்பயணமே என் நினைவுக்கு வருகிறது.

1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, தாவர சாஸ்திரத்தில் தமக்கிருந்த பற்றினால் இக்கிழங்கைப் பிரஜைகளிடையே பரப்பினார்; வேகவைத்த நீரை வடித்துக் கொட்டிவிட்டே உண்ண வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்தார். 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரத்து நின்றபோது, எத்தனையோ குடும்பங்களின் உயிரைக் காத்தது இந்த மரச்சீனியே.

ஆனால் இதன் வம்சவிருத்தியில் ஓர் ஆபத்து உண்டு. ஒரு சாண் அளவுக்குத் தறித்த கம்பை, கணு மேல்நோக்க, மண் கூட்டிய மேட்டில் ஊன்றுகிறோம். கிழங்கு பறித்தபின் அந்தச் செடியின் கம்பையே மறு வருஷமும் ஊன்றுகிறோம். ஆகவே தாயின் குணமே அப்படியே தொடர்கிறது. தாய்க்கு வந்த தேமல் நோயும் கம்பின் வழியே கூடவே வருகிறது. புதிய குணம் பிறக்க வேண்டுமானால் பூவைத்தான் நாட வேண்டும். ஒரே கொத்தில் பெண்பூ முந்தியும் ஆண்பூ பிந்தியும் மலர்வதால், அயற்செடியின் மகரந்தம் சேர இயற்கையே இடம் வைத்திருக்கிறது. முற்றினால் வெடித்துச் சிதறும் அந்தச் சிறு காயில் மூன்று அறை, மூன்று விதை. மூன்றும் மூன்று குணம்.

1963-இல் திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் ஏற்பட்ட மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தார் இந்த விதைகளைத்தான் நம்பினார்கள். 1971-இல் அவர்கள் வெளியிட்ட எச்-226, ‘ஏத்தக்காக் கறுப்பன்’ என்னும் நாட்டு ரகத்துக்கும் மலேயாவிலிருந்து வந்த எம்-4 ரகத்துக்கும் பிறந்தது. எச்-165-இன் பெற்றோரில் ஒன்று ‘சடயமங்கலம் வெள்ள’ என்னும் நாட்டு ரகம். சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மூட்டைகளில் இந்த ஒட்டு ரகங்களின் கிழங்குகள் ஏராளம். 1977-இல் வந்த மஞ்சள் சதையுள்ள ரகத்துக்கு மகாராஜாவின் பெயரால் ‘ஸ்ரீ விசாகம்’ என்று பெயரிட்டார்கள். அந்தக் கௌரவம் நியாயமானதே. எனினும், பெயர் தெரியாத குடியானவர்கள் நாவாலும் கண்ணாலும் தேர்ந்து, கம்பு கம்பாகக் கைமாற்றிக் காத்த கறுப்பனும் வெள்ளையும் இல்லாதிருந்தால், எந்த விஞ்ஞானி எதனோடு எதைச் சேர்த்திருக்க முடியும்?

நிலம் ரப்பருக்கு மாறி, ஒரு ரகத்தின் கடைசிக் கம்பு ஊன்றப்படாமல் காய்ந்துபோனால், அந்த ரகம் அன்றே அற்றுப்போகும். நெல்லைப்போலக் குதிரில் போட்டு வைக்க இதற்கு வழியில்லை. ஆதலால்தான் ஸ்ரீகாரியத்துப் பண்ணையில் நூற்றுக்கணக்கான நாட்டு ரகங்களை வரிசை வரிசையாக நட்டு, அடையாளச் சீட்டுக் கட்டி, வருஷந்தோறும் தறித்து மீண்டும் ஊன்றி வருகிறார்கள்.