கிராம அறிவு மையங்கள் (புதுச்சேரி)

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரி வட்டாரத்தில் தொடங்கிய ஊரகத் தகவல் நிலையங்கள். கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையம் நிதி வழங்கியது. நடுவ நிலையம் வில்லியனூரில் இருந்தது. பயிர் விலை, மருத்துவ வசதி, அரசுத் திட்டங்கள் பற்றிய செய்திகள் அங்கே தமிழில் தொகுக்கப்பட்டு ஊர்க் கணினிகளுக்குச் சென்றன. தொலைபேசிக் கம்பிகளை நம்ப முடியாத இடங்களில் வானொலி அலைகளும், மின்வெட்டுக்கு மாற்றாகச் சூரிய மின் தகடுகளும் பயன்பட்டன.

மையத்துக்கான இடத்தை ஊரே தரவேண்டும்; தலித் மக்கள் உட்பட எல்லாரும் தடையின்றி வந்துபோக வேண்டும். கருவிகளைவிட இந்த நிபந்தனைதான் திட்டத்தின் உயிர். எம்பலத்தில் மையம் கோயிலுக்குரிய இடத்தில் அமைந்தது. நடத்தியவர்களில் பலர் அந்தந்த ஊர்ப் பெண்கள்.

வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை இறக்கி, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கணினியைத் தொட்டே பார்க்காத மீனவருக்கும் இணையம் இவ்வாறு பயன்பட்டது. எழுத்தறிவு குறைந்த ஊர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி அரிது.

2004 டிசம்பர் 26 அன்று, மையம் இயங்கிய இன்னொரு ஊரான நல்லவாட்டைச் சேர்ந்த, சிங்கப்பூரில் வேலை பார்த்த இளைஞர் ஒருவர் ஆழிப்பேரலை பற்றி ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். உடனே மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவிப்பு ஒலித்தது. படகுகளும் வீடுகளும் சேதமடைந்தன. ஆயிரக்கணக்கான ஊர் மக்கள் உயிர் தப்பினர்.

இந்திய அரசு 2006இல் ஒப்புதல் அளித்த பொதுச் சேவை மையங்கள் நாடெங்கும் பரவின. ஊரே இடம் தந்த இந்த அறிவு மையங்களைப் போலன்றி, அவை தனிநபர் தொழில்முனைவை அடிப்படையாகக் கொண்டவை.