7 துணி, 12 ஜோடி: முதல் சம்பளத்தில் 'கேப்சூல் வார்ட்ரோப்' முடியுமா?

வெள்ளானூரில் இருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு முதல் வேலைக்குப் போறவங்களுக்கு பீரோ நிறைய துணி தேவையில்லை. ஒன்றோடொன்று பொருந்தும் சில உடைகள் போதும். இதுதான் 'கேப்சூல் வார்ட்ரோப்'. 1985-ல் அமெரிக்க வடிவமைப்பாளர் டோனா கரன் 7 உடைகளை வைத்து இதைப் பிரபலமாக்கினார்.

கணக்கு சிம்பிள். 4 சட்டை அல்லது குர்தி, 3 பேண்ட். மாற்றி மாற்றிப் போட்டால் 12 ஜோடி. பேண்ட் கருப்பு, நேவி ப்ளூ, பழுப்பு நிறங்களில் இருந்தால் மேட்சிங் தலைவலி இல்லை.

விலையை மட்டும் பார்க்காதீங்க. 400 ரூபாய் பேண்ட் 10 முறையிலேயே சாயம் போனால், ஒரு முறைக்கு 40 ரூபாய். 1,000 ரூபாய் பேண்ட் 100 முறை உழைத்தால் வெறும் 10 ரூபாய்தான்! டி-ஷர்ட்டுக்கு திருப்பூர் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் ஓகே, ஆனால் தையலைப் பிரித்துப் பார்த்து வாங்கணும். ஐப்பசி மழையில் ஜீன்ஸ் லேசில் காயாது. ஒரு பேண்டாவது மெல்லிய காட்டனாக இருக்கட்டும்.